உயர் நீதிமன்றத்தில் தமிழ்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் (கி.பி. 919, 921) தமிழில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வூரார் இன்று நிலவழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சென்றால் வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில்!

தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரி 2006-இல் கலைஞர் ஆட்சியில் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2010-இல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாவிரதமே இருந்தனர். 2012-இல் உச்ச நீதிமன்றம் இசையவில்லை. 2022 ஏப்ரல் 23 அன்று, தலைமை நீதிபதி ரமணா முன்னிலையில், முதல்வராயிருந்த மு.க. ஸ்டாலின் அதையே மீண்டும் கேட்டார். சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளையும் வேண்டினார். இரண்டும் நியாயமானவையே.

பாகப்பிரிவினை, வக்ஃபு, ஜீவனாம்சம் என்று நீதிமன்றப் படியேறும் நம் தாய்மார்கள், தீர்ப்பு நகலை வாங்கிய பின்பும் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுகின்றனரே! வெளிமாநில நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாதென்பர். மெய்தான், மொழிபெயர்ப்பாளர் எதற்கு? ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு.

முஹல்லா ஜமாஅத்துகள் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். வழக்கு நடவடிக்கைகளுக்கு அரசியல் சாசனத்தின் 348(2) பிரிவும், தீர்ப்புகளுக்கு 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் வழி செய்கின்றன. இரண்டிலும் ஆளுநருக்கு முன்னிசைவு தரவேண்டியவர் அவரே.