சைக்கு ‘யெஸ்’, கட்சிக்கு ‘நோ’

2013 பிப்ரவரி 11, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். பினாங்கு ஹான் சியாங் வளாகத்தில் தேசிய முன்னணியின் திறந்த இல்ல உபசரிப்பு. ஆட வந்திருந்தவர் ‘கங்னம் ஸ்டைல்’ புகழ் கொரியப் பாடகர் சை. கூட்டத்துக்குக் கேட்பானேன்! மேடையேறிய பிரதமர் நஜிப் ரசாக், “சைக்குத் தயாரா?” என்றார். “யெஸ்!” என்று திடலே அதிர்ந்தது. “தேசிய முன்னணிக்குத் தயாரா?” என்றார். “நோ!” மறுபடி கேட்டுப் பார்த்தார், மறுபடியும் அதே பதில்தான். மே 5-இல் நடந்த தேர்தலில் பினாங்கின் 40 சட்டமன்றத் தொகுதிகளில் முன்னணிக்குக் கிடைத்தவை பத்து.

திடலில் தலையை எண்ணி ஏமாந்த கணக்கை இப்போது கைப்பேசியில் போடுகிறார்கள். எதற்கு லைக் போட்டார், எதைப் பகிர்ந்தார் என்று பார்த்து ஒருவரின் கட்சியைச் சொல்லிவிடும் வித்தை.

வித்தையில் விஷயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அதே 2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மிக்கேல் கோசின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 58,000 பேரின் ஃபேஸ்புக் லைக்குகளை அலசினார்கள். ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரையும் ஒரு குடியரசுக் கட்சிக்காரரையும் எதிரெதிரே நிறுத்தினால், யார் எவர் என்று 85 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் அது இரண்டே கட்சிகள் மோதும் அமெரிக்கா. இங்கே தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதிவேற்றுகிறார் என்று வையுங்கள். விழுகிற லைக் அவர் கட்சிக்கா, முருகனுக்கா?

ஜெர்மனியில் 2009 தேர்தலை ட்விட்டர் பதிவுகளின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. பைரேட் கட்சியையும் சேர்த்து எண்ணுங்கள், அதுதான் முதலிடம் என்று வேறு ஆய்வாளர்கள் மடக்கினார்கள். அந்தக் கட்சி வாங்கியதோ இரண்டு விழுக்காடு வாக்கு.

கணிப்பு தவறினால் கட்சிக்குக் காசு நட்டம், அவ்வளவுதான். முத்திரை குத்தப்பட்டவர் கதை வேறு. 2013-இல் பக்கத்து மாநிலமான கெடாவில் தேசிய முன்னணிக்காக வாக்காளர்களைக் குறிவைத்துப் பிரசாரம் செய்ததாக கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தரவு நிறுவனம் தன் இணையதளத்தில் பெருமையடித்துக்கொண்டது. 2018-இல் அதன் ஃபேஸ்புக் தரவு விவகாரம் வெடித்ததும், அந்த நிறுவனத்தை அமர்த்தவே இல்லை என்று பிரதமர் அலுவலகம் மறுத்தது. யார் பேச்சை நம்புவது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் பெயர் எந்தப் பட்டியலில் ஏறியது என்று ஒரு கெடா வாக்காளர் கேட்க நினைத்தால், எந்தக் கதவைத் தட்டுவார்?

மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் அரசியல் கருத்தை, அவருடைய நோய், சமய நம்பிக்கை ஆகியவற்றோடு சேர்த்து உணர்திறன் மிக்க தரவு என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். மத்திய, மாநில அரசுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மளிகைக் கடைக்காரருக்குக் கடிவாளம் போட்டுவிட்டு, நம் அரசியல் சாய்வை அறிய யாருக்கு உண்மையில் ஆசையோ அவர்களை வெளியே விட்டிருக்கிறார்கள்.

ஹான் சியாங் திடலில் பிரதமர் வாய்விட்டுக் கேட்டார். கூட்டமும் வாய்விட்டுப் பதில் சொன்னது. கைப்பேசியில் கேள்வியே வராமல் பதில் எழுதப்பட்டுவிடுகிறது. பினாங்கின் அடுத்த மாநிலத் தேர்தலுக்குள் கட்சிகளும் அரசுகளும் அந்தச் சட்டத்துக்குள் வர வேண்டும். தன்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பார்க்கவும் அழிக்கச் சொல்லவும் வாக்காளருக்கு உரிமை வேண்டும்.