முன்னே நியமனம், பின்னே பயிற்சி!

நோயாளியின் நாடியைத் தன் பொறுப்பிலே தொட்டுப் பார்க்குமுன் மருத்துவன் அரசாங்க வைத்தியசாலையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகிறான். நீதிமன்றிலே கட்சிக்காரனுக்காக வாய்திறக்குமுன் சட்டமாணவன் மூத்த சட்டத்தரணி ஒருவரின்கீழ்ப் பயிலுநனாய் இருந்தாக வேண்டும். ஆனால், நாற்பது பிள்ளைகளின் எதிர்காலம் ஒப்படைக்கப்படும் ஆசிரியரோ, பட்டச் சான்றிதழைக் கையிற்கொண்டு, வகுப்பறையைப் பயிலாமலே வகுப்பறையுட் புகலாம். பயிற்சி பின்னர், ஆறுதலாக! இந்தத் தலைகீழ் முறையை நம் மக்கள் இன்னும் எத்தனை காலம் பொறுத்திருப்பது?

ஆசிரியராவதற்கு நம் நாட்டிலே வழிகள் பல. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எழுந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் அவற்றுள் ஒன்று. கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, மலையகத்துப் பத்தனை ஆகிய இடங்களில் அவை உள்ளன. இரண்டாண்டு கல்லூரியிலும் மூன்றாமாண்டு பாடசாலையிலும் பயின்ற பின்னரே அங்குள்ளோர்க்கு நியமனம். குறைகள் அங்கும் உண்டு. ஆயினும் ஒழுங்கு நேரானது. மற்றையது பட்டதாரி வழி. போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, சில நிமிடம் கற்பித்துக் காட்டல், கையிலே நியமனக் கடிதம்! பல்கலைக்கழகம் வழங்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமா அதன் பின்னர்தான். பட்டத்தோடு பயிற்சியையும் இணைத்தளிக்கும் கல்விமாணிப் பட்டநெறி இருக்கவே இருக்கிறது. அதன்வழி வருவோர் சிறுதொகையினர். 2020 ஆம் ஆண்டிலே பல்லாயிரம் பட்டதாரிகள் பயிலுநர்களாய்ச் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பலர் பின்னர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலையற்ற பட்டதாரிக்கு வேலை வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் வேலையின்மைக்கு மருந்து தேடுவது ஒன்று. ஆசிரியரைத் தேர்வது வேறொன்று.

சரி, பயிற்சிதான் எத்தகையது? கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல் என்று எழுத்துப் பாடங்கள் நிரையாக நிற்கின்றன. அளவீடும் மதிப்பீடும் என்றொரு பாடமும் உண்டு. எழுத்துப் பரீட்சையால் எல்லாத் திறனையும் அளக்கவியலாது என்பதை அதிற் கற்று, அதனை எழுத்துப் பரீட்சையிலே எழுதிப் புள்ளி பெறுகின்றனர்! இடையிலே சில வாரம் கற்பித்தற் பயிற்சி. விரிவுரையாளர் ஓரிரு முறை வந்து வகுப்பின் பின்வாங்கில் அமர்கிறார். அவர் வரும் நாள் முன்னரே தெரிந்துவிட்டால் என்ன நிகழும் என்பதை விளக்கவும் வேண்டுமோ? சுவரிலே வண்ணப் படங்கள் தொங்கும். சுட்டிப் பிள்ளைகள் முன்வரிசையில் அமர்வர். நேற்றுக் கேட்ட வினாவே இன்றும் கேட்கப்படும்; கைகள் உயரும். பாடக்குறிப்பு அச்செழுத்துப்போல் அழகாயிருக்கும். மதிப்பீட்டுப் படிவம் நிரம்பிவிடும். மறுநாள் படங்கள் சுருட்டி வைக்கப்படும். நாம் எந்தப் பல்கலைக்கழகத்தையும் தனித்துச் சுட்டவில்லை. நேர்மையாய் உழைக்கும் விரிவுரையாளரும் பயிலுநரும் இருக்கவே செய்கின்றனர். முறை பழுதாயின் அவர்கள் என் செய்வர்? கமக்காரன் எவனும் பொதியிலே ஒட்டிய சீட்டைப் பார்த்து விதைநெல்லை நம்பமாட்டான். ஒருபிடியை நனைத்து முளைக்கப் போட்டுப் பார்ப்பான்.

இதனினும் பெரிய கேடு, பயிற்சி எங்கே நடைபெறுகிறது என்பதிலே உள்ளது. பட்டினத்துப் பாடசாலையிலே பயிற்சி. நியமனமோ துணுக்காய்க்கும் வாகரைக்கும் படுவான்கரைக்கும். ஒரே அறையில் இரு வகுப்பை வைத்து ஓராசிரியர் கற்பிக்கும் நிலை அங்கே புதிதன்று. அறுவடைக் காலத்திலே வரவு குறையும். போரிலே தந்தையை இழந்த பிள்ளை பேசாமல் இருக்கும். எட்டாம் வகுப்பில் இருந்தும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் இருக்கும். பட்டினத்துப் பாடசாலையிற் சில வாரம் நின்ற பயிலுநருக்கு இவற்றையெல்லாம் யார் காட்டினர்? தடுமாறும் ஆசிரியர் ஈராண்டில் இடமாற்றங் கேட்கிறார், கொடுக்கிறார்கள். கணிதமும் விஞ்ஞானமும் ஆளின்றிக் கிடக்கின்றன. செல்வர் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு உண்டு. கமக்காரன் பிள்ளைக்கு, 1945 இலே வந்த இலவசக் கல்வியன்றி வேறு கதி ஏது?

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாற்றான் வேடிக்கை தொடங்குகிறது. பல்கலைக்கழகம் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், மத்தியின் மானியத்தில் இயங்குவது. மாகாணப் பாடசாலைகளோ 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்காய்த் தேர்தலே இல்லாதிருந்தது. பயிற்றுவோர் நியமிப்பதில்லை, நியமிப்போர் பயிற்றுவதில்லை, பயனை அனுபவிக்கும் பெற்றோரை இருவருங் கேட்பதில்லை. ஒப்பந்தமொன்றில் இப்படியொரு வாசகம் இருந்தால், கையொப்பமிடாதீர் என்று கட்சிக்காரனுக்குச் சொல்லியிருப்போம்.

ஆளில்லை, பிரயாணச் செலவுக்குப் பணமில்லை என்பார்கள். உண்மையாயும் இருக்கலாம். ஆயின் துணுக்காயிலே நாள்தோறும் அப்பயிலுநரைக் காணும் அதிபரும் மூத்த ஆசிரியரும் எங்கும் பிரயாணஞ் செய்யவேண்டியதில்லையே! அவர்களுடைய மதிப்பீட்டிற்குப் புள்ளியிற் கணிசமான பங்கு கொடுப்பதற்குத் தடை என்ன? பயிற்சியை ஒரு தவணை முழுவதுமாக்கி, அதிற் பாதியேனும் கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் நடத்துவதற்கும், கற்பித்தலிலே தவறியவரை எழுத்துப் பாடப் புள்ளி காப்பாற்றாது என்று விதிப்பதற்கும் பல்கலைக்கழகத்தின் மூதவை தீர்மானித்தாற் போதும், பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. அதிபர்கள் முகத்தாட்சண்யம் பார்ப்பர் என்று ஓர் ஆட்சேபமும் எழும். பார்ப்பவர் சிலர் இருப்பர்தான். வந்துபோகும் விரிவுரையாளர் பார்ப்பதில்லையா?

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலே இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேலை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையுங் கட்டுப்படுத்தும். ஒரு பயிலுநரின் எத்தனை பாடங்கள் நேரிற் பார்க்கப்பட்டன, எந்தப் பாடசாலைகளில், மொத்தப் புள்ளியிற் கற்பித்தலுக்கு எத்தனை பங்கு, அதிலே தவறியோர் எத்தனை பேர் என்று தமிழிலே எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும்: பயிற்சி பெறாத ஆசிரியர் எந்தெந்தப் பாடசாலையில் எத்தனை பேர் என்று. விடைகளைப் பத்திரமாய் வையுங்கள். மறுத்தால் மறுப்புக் கடிதத்தையும் வையுங்கள், மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.