குழாயில் பாயும் மின்சாரம்



குளியலறைக் குழாயைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது; செருப்பணிந்து தொட்டால் ஒன்றுமில்லை. ஆகவே செருப்போடு குளிக்கப் பழகிவிட்ட இல்லங்கள் உண்டு. செருப்பு ஆபத்தை மறைக்கிறதேயன்றி அகற்றவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடையோ ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே பற்றிய கையை விடுவிப்பது அரிது. 30-ஐத் தாண்டி நீடிப்பின் இதயத்துடிப்பே குலையலாம். பழுது நீங்கும்வரை பிள்ளைகளை அக்குழாயருகே விடாதீர்கள்.

கோளாறு எங்கே என்று மின்பணியாளர் மீட்டர் கொண்டு பார்க்கட்டும். டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பது ஆபத்தில்லை என்பதற்குச் சான்றன்று. மெயினை முற்றாக அணைத்த பின்னும் குழாயில் மின்னழுத்தம் காட்டினால், அது வெளியிலிருந்து வருவது. மின்வாரியத்துக்கு உடனே தெரிவியுங்கள். மறைந்துவிட்டால், குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மோட்டார், வெந்நீர்க் கலன், சலவை இயந்திரம் என ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தால் அகப்படுவான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். அதிர்ச்சி தரும் இடம் ஒன்று, பழுதுள்ள இடம் வேறொன்று. வீட்டுச் சாதனங்களின் உலோக உடல்களெல்லாம் ஒரே எர்த் கம்பியால் இணைந்து மண்ணுக்குள் செல்கின்றன. அக்கம்பி மண்ணருகே அறுந்துபோனால், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரில் கசியும் மின்சாரம் மண்ணில் இறங்க வழியின்றி, அதே கம்பி வழியே வெந்நீர்க் கலனுக்கும் குழாய்க்கும் வந்து நிற்கும். பாவம், புதுக் கலன் வாங்கியும் அதிர்ச்சி தீராத குடும்பங்கள் உண்டு! பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கொண்டிருந்தனர். அதைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே எர்த்தும் போயிற்று, எவரும் கவனிக்கவில்லை.

கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் உண்டு. செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் விழுந்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதே ஏற்றது. அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கழற்றிவிடச் சொல்லும் அறிவாளிகளும் உள்ளனர். திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவார் உண்டோ? அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எர்த் குழியையும் மறவாதீர்கள். கரியும் உப்பும் இட்ட குழி கோடையில் வறண்டுவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முற்றத்துக்குச் சிமெண்டு பூசியபோது அதனையும் சேர்த்து மூடிவிட்ட வீடுகளில், குழி எங்கே என்று வீட்டாருக்கே தெரிவதில்லை. அன்று வேலை செய்த கொத்தனாரைக் கேட்டாவது தேடிக் கண்டுபிடியுங்கள்.