வட்டம் போடுகிற கை

சனிக்கிழமை ராத்திரி. வெளியே பனி கொட்டுகிறது, வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் மட்டும் மவுஸைப் பிடித்துத் திரையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். "அப்பாவுக்கு ஆபீஸ்ல டிராயிங்தான் வேலையா?" என்று மகள் கேட்டாள். பாதி உண்மைதான் :-)

பிழைப்புக்கு ரேடியோ வானியல். புனே பக்கம் கோடத் கிராமத்தில் ஜி.எம்.ஆர்.டி. என்று ஒரு தொலைநோக்கி இருக்கிறது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள், 25 கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கும். நம்ம ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் மூளை. 30 டிஷ் வைத்தாலும் நடுவில் எத்தனையோ இடைவெளி. அதனால் முதலில் வரும் படத்தில் ஒவ்வொரு நிஜப் பொருளைச் சுற்றியும் வளையங்களும் கோடுகளும் போலியாய்ப் பரவி நிற்கும்.

இதைத் துடைக்க 1974-ல் ஹெக்பம் என்பவர் வழி சொன்னார். பெயரே 'கிளீன்'. படத்திலேயே பிரகாசமான புள்ளியைத் தேடு, அதில் ஒரு சிறு பங்கை அதன் போலி வளையங்களோடு சேர்த்துக் கழி, மறுபடி தேடு. ஆனால் கணினிக்கு நிஜம் எது, வளையம் எது என்று தெரியாது. அதனால் நாம் நடுநடுவே நிறுத்தி, "இதுக்குள்ள மட்டும் தேடு" என்று கோடு போட்டுக் காட்டுகிறோம். அதுதான் மாஸ்க்.

ஆரம்ப காலத்தில் நான் ஒரு கூத்து பண்ணினேன். பிரகாசமான ஒரு பொருளுக்குப் பக்கத்தில் நீளமாய் ஏதோ தெரிந்தது. ஆசையாய் அதையும் சுற்றி வட்டம் போட்டேன். கிளீன் ஆகி வந்த படத்தில் அழகான தாரை! வேறு அலைவரிசையில் போட்டுப் பார்த்தால் அது இடம் மாறி நிற்கிறது. நிஜமென்றால் இருந்த இடத்தில்தானே இருக்கணும்? இரண்டு வாரம் போச்சு, மானம் தனி.

அதைப் போனில் சொன்னபோது அம்மா சிரித்தார். வடகரப்பதியில் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கியே வளர்ந்தவர். "கல்லு இருக்குன்னே பாத்தா அரிசியெல்லாங் கல்லாத்தான் தெரியுங் கண்ணு" என்றார்.

இப்போது மாஸ்க்கைத் தானாகவே போடும் நிரல்கள் வந்துவிட்டன. சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியில் தினசரி வேலை அப்படித்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களுக்குக் கையால் கோடு போட முடியாதுதான். ஆளுக்கு ஆள் மாறாது, திரும்பச் செய்தாலும் அதே விடை வரும். ஆனால் அந்த நிரலுக்கும் 'இவ்வளவுக்கு மேல் இருந்தால் நிஜம்' என்று வரம்பு சொல்லிக்கொடுத்தது ஒரு மனிதர்தானே. மங்கலாய்ப் பரந்து கிடப்பதை அது தவறவிடலாம். அதனால் மாணவர்கள் முதலில் கையால் போட்டுப் பழகட்டும், தப்பும் பண்ணட்டும் என்பது என் கட்சி. ஆனால் போட்ட மாஸ்க்கைச் சேமித்து வைக்கணும், கட்டுரையோடு கொடுக்கணும். இன்னொருவர் தனியாய்ப் போட்டும் பார்க்கணும். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளைப் படத்துக்கு நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே படம் எடுத்துவிட்டுத்தான் ஒப்பிட்டார்கள். அவர்களுக்கே அந்தப் பயம் இருந்தது என்றால் நமக்கு?

இன்னொன்று. மாஸ்க்குக்கு வெளியே இருப்பது அழிந்து போவதில்லை, மிச்சப் படத்தில் துடைக்காமல் கிடக்கும். அதைத் திறந்து பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். கேரளா என்றால் மலையாளம் என்று வட்டம் போடுகிறவர்களுக்கு, பாலக்காட்டுக் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் எங்கள் ஊர் எப்போதும் வட்டத்துக்கு வெளியேதான். அங்கிருந்து வந்தவன் சொல்கிறேன், மிச்சத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, மணி இரண்டு. இன்னும் ஒரே ஒரு வட்டம்...