ஆர்செப்: கைச்சாத்துக்கு முன் எமது கோரிக்கைகள்

இலங்கை அரசாங்கத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் வடபகுதிக் கமக்காரர்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் முன்வைக்கும் சாசனம்.

ஆர்செப் எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மையில் இணைய இலங்கை 2023இல் விண்ணப்பித்தது. அப்போதைய ஆசியான் நாடுகள் பத்தும் சீனா, யப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தும் 2020 நவம்பரில் கைச்சாத்திட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இது. உறுப்பு நாடுகளிடையே ஏறத்தாழ 90 சதவீதமான சுங்க வரிகளைப் படிப்படியாக நீக்குவது இதன் நோக்கம்.

இதனால் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சீனத் துணியில் இங்கு தைத்த ஆடை யப்பானில் வரிச்சலுகை பெற இதன் விதிகள் வழி திறக்கக்கூடும். ஆனால் எமது ஏற்றுமதியின் பெருஞ்சந்தைகளான அமெரிக்காவும் ஐரோப்பாவும் இக்கூட்டில் இல்லை. எமக்குப் பெருமளவில் பொருள் விற்கும் சீனா இருக்கிறது. எனவே வருமானத்துக்கு முன்னே இறக்குமதி வந்து சேரும்.

யாழ்ப்பாணம் இதை அனுபவித்திருக்கிறது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் குடாநாட்டுக் கமக்காரரை நிமிர வைத்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் அவற்றின் விலையை வீழ்த்தியது. முடிவெடுத்தவர்கள் கமக்காரரைக் கேட்கவில்லை.

ஆகவே கோருகிறோம்:

1. உடன்படிக்கை வரைபும் வரிக்குறைப்பு அட்டவணையும் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். பாராளுமன்றம் வாக்களித்து அங்கீகரிக்கும்வரை எவரும் கையொப்பமிடக் கூடாது. 2018இல் சிங்கப்பூருடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தான பிறகே பெரும் சர்ச்சை எழுந்தது. அந்நிலை மீண்டும் வேண்டாம்.

2. நெல், உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய், பால் ஆகியவற்றை வரிக்குறைப்பிலிருந்து விலக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இறக்குமதி அறவீட்டை உயர்த்தும் அதிகாரத்தை அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது.

3. ஆர்செப்பில் தொழிலாளர் உரிமைக்கெனத் தனி அத்தியாயம் இல்லை. ஆகவே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தையும் ஆடைத் தொழிலாளரின் தொழிற்சங்க உரிமையையும் சட்டத்தால் பாதுகாக்க வேண்டும்.

4. விதையைச் சேமிக்கவும் பகிரவும் மீண்டும் விதைக்கவும் கமக்காரருக்குள்ள உரிமையை எந்த அறிவுசார் சொத்து விதியும் தொடக் கூடாது.

5. வெளிநாட்டு முதலீட்டாளர் அரசைச் சர்வதேச நடுவர் மன்றுக்கு இழுக்கும் முறை ஆர்செப்பில் இன்று இல்லை. பின்னர் சேர்க்க முற்பட்டாலும் இலங்கை ஏற்கக் கூடாது.

6. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. இழக்கும் சுங்க வருமானத்தை உணவிலும் மருந்திலும் வரி போட்டு ஈடுசெய்யக் கூடாது.

பல ஆண்டுகள் பேசிய பின்னும் இந்தியா 2019இல் இக்கூட்டில் சேர மறுத்தது. மறுக்கும் உரிமை இலங்கைக்கும் உண்டு. பாராளுமன்ற உறுப்பினர்களே, இக்கோரிக்கைகள் எழுத்தில் உறுதிசெய்யப்படாத உடன்படிக்கைக்கு எதிராக வாக்களியுங்கள்.