நோயாளி குற்றவாளி அல்லர்

கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளியைப் பராமரிப்பதே மனிதப் பண்பு. கொவிட் வந்தபோது நம் நாட்டில் பழி சுமத்த ஆள் தேடினார்கள். எளியவர்களும் பெண்களுமே அகப்பட்டார்கள்.

கொவிட்டால் இறந்தோரை எரிக்கவே வேண்டும் என 2020 ஏப்ரலில் அரசு வர்த்தமானியில் விதித்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நம் கரையோர ஊர்களில் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி அடக்குவது உயிரோடிருப்போரின் கடமை. அது மறுக்கப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் இதே துயரை அனுபவித்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பில் இருபது நாள் சிசுவொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது.

எரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் காய்ச்சலை மறைத்தோர் உண்டு. நோயை மறைத்தால் அது அடுத்த வீட்டுக்கும் போகும். நோயைத் தடுக்க வந்த சட்டம் நோயாளியை ஒளிய வைத்தது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தபோது இந்த அநீதியையும் எதிர்த்தனர். அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஆயினும் ஓராண்டு காலம் எந்த ஊரில் இறந்தவரையும் ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பல தாய்மாரும் மனைவியரும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்றுப் பரவியபோது, முதலில் இனங்காணப்பட்ட பெண் தொழிலாளியின் மீதே பழிச்சொல் விழுந்தது. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்களையும் நோய் கொண்டுவந்தவர்களாகப் பார்த்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு கட்டியதை ஊர் மறந்தது. ஊரடங்கில் நாட்கூலியை இழந்தவளே நோயாளியையும் பிள்ளைகளையும் பார்த்தாள். அடுப்பையும் அவளே எரியவைத்தாள்.

இடம்பெயர்ந்த நமக்கு இது புதிதல்ல. 'அகதி' என்ற ஒரு சொல்லால் எத்தனை கதவுகள் மூடப்பட்டன! அந்த வேதனையை அறிந்த நாமே இன்னொருவர் வீட்டு வாசலில் அடையாளம் இடலாமா?

அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. இப்போதே நம் மாதர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் கூடிப் பேசட்டும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு அரிசியும் தண்ணீரும் கொடுப்பவர் யார்? நிவாரணப் பட்டியலில் கணவனை இழந்த பெண்ணின் பெயர் தனியாக உண்டா? இறந்தவரின் சமய முறைக்காகக் குரல் கொடுப்பவர் யார்? இவற்றுக்கு விடை தயாராக இருந்தால் எவரும் நோயை ஒளிக்க வேண்டியதில்லை.