விபத்துப் பிரிவுக்குத் தனி அறுவை மருத்துவர்கள் வேண்டும்

2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் போயின. அரசு கைகட்டி நின்றது என்று யாரும் சொல்ல முடியாது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்தில் எந்த அறுவை மருத்துவர் காத்திருக்கிறார் என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

பைக்கின் கைப்பிடி வயிற்றில் இடித்துக் கல்லீரல் கிழிந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெளியே சிராய்ப்புதான் தெரியும். நாடி வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருப்பது தெரியும். வயிற்றைத் திறந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்த்தால் ஆள் மேசையிலேயே போய்விடலாம். ரத்தம் போகப் போக உடம்பு குளிரும், ரத்தத்தில் அமிலம் கூடும், அது உறைவதும் நின்றுபோகும். ஒன்று மற்றொன்றை மோசமாக்கும். கை தேர்ந்தவர் கல்லீரலைச் சுற்றித் துணிகளை வைத்து அழுத்தி அடைப்பார். கிழிந்த குடலைக் கட்டுவார். வயிற்றை முழுதாகத் தைக்காமலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். உடம்பு சூடேறி, ஏற்றிய ரத்தம் பிடித்த பிறகு, ஓரிரு நாளில் மீண்டும் திறந்து மிச்சத்தை முடிப்பார். எங்கே நிறுத்துவது என்ற அந்த முடிவு, இப்படிப்பட்ட வயிறுகளைத் திரும்பத் திரும்பத் திறந்தவருக்கே கைவரும்.

நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இது பொது அறுவைச் சிகிச்சைத் துறையின் தலையில் விழும் கூடுதல் வேலை. பகலில் புறநோயாளிகள், குடலிறக்கம், பித்தப்பை, மாணவர்களுக்கு வகுப்பு. இரவில் விபத்துகள். நள்ளிரவில் முதலில் ஓடி வருபவர் பெரும்பாலும் முதுநிலை மாணவர்தான். அவர் உழைப்பில் நமக்குக் குறையில்லை. அவரைத் தனியே நிற்க வைப்பதுதான் தவறு.

இங்கிலாந்திலும் இதே நிலைதான் இருந்தது. கடுமையாக அடிபட்டவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு உரிய தரத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை என்று 2007-இல் அங்கே ஓர் ஆய்வு சொன்னது. மூத்த மருத்துவர்கள் உடனிருக்காததையும் அது சுட்டிக்காட்டியது. 2010-இல் லண்டனிலும் 2012-இல் நாடு முழுவதும் பெருங்காயச் சிகிச்சை மையங்களை அமைத்தார்கள். அருகிலுள்ள சிறு மருத்துவமனையைத் தாண்டிக்கூட ஆம்புலன்ஸ் நேராக அங்கே போகும். இருபத்துநான்கு மணி நேரமும் மூத்த நிபுணரின் தலைமையில் குழு இருக்கும். பிழைப்போர் கூடியதைப் பின்னர் வந்த ஆய்வும் உறுதிசெய்தது.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். டெல்லி எய்ம்ஸில் விபத்து அறுவைச் சிகிச்சைக்கென்றே உயர்பட்டப் படிப்பு நடக்கிறது. இங்கே பணியிடம் இல்லாமல் அதை யார் படிப்பார்? முதலில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிப் பணியிடங்களை உருவாக்கலாம். போனில் கூப்பிட்டால் வருவார் என்பது போதாது. இரவில் மூத்தவர் ஒருவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும். வரும் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையில் அரசு இந்தப் பணியிடங்களை எண்ணிக்கையோடு அறிவிக்கட்டும். இரவெல்லாம் நின்றவரை மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவில் உட்கார வைக்கக் கூடாது என்ற உத்தரவும் அதோடு வர வேண்டும்.